கோட்டையும் கச்சேரியும்

பெங்களூரில் வளரும் தமிழ்க் குழந்தை எழுத்துக்கூட்டிக் கன்னடம் படிக்கத் தொடங்கியதும் ஒரு வியப்பை அடைவது உண்டு. அரசு அலுவலகங்களின் பெயர்ப்பலகைகளில் எல்லாம் ‘கச்சேரி’ என்று எழுதியிருக்கிறது. வீட்டிலோ, கச்சேரி என்றால் பாட்டு. அலுவலகத்தில் யார் பாடுகிறார்கள்?

இரண்டும் ஒரே சொல்தான். அதிகாரிகள் கூடிப் பணிசெய்யும் இடம் கச்சேரி எனப்பட்டது. பழைய தமிழிலும் நீதிமன்றத்தையும் அலுவலகத்தையும் அவ்வாறே அழைத்தனர். பெரியோர் கூடிய அவையில் இசைவாணர் பாடியதால், அவையின் பெயர் பாட்டுக்கும் வந்துசேர்ந்தது. கன்னடம் முதற்பொருளை இன்றும் காத்துவருகிறது. தமிழ் இரண்டாம் பொருளைப் பெரிதும் பற்றிக்கொண்டது. பெங்களூர்க் கப்பன் பூங்காவின் ஓரத்தில் செந்நிறத்தில் ஓங்கி நிற்கும் உயர்நீதிமன்றக் கட்டடத்திற்கு ‘அட்டாரா கச்சேரி’ என்பது பழம்பெயர். பதினெட்டு அலுவலகங்கள் என்பது அதன் பொருள். அங்கே இசை நிகழ்ச்சி நடக்கும் என்று எண்ணிச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும்.

இசைக்கச்சேரியும் பழைய அரசாட்சியின் கச்சேரியும் அருகருகே அமைந்த இடம் ஒன்று இந்நகரில் உண்டு. அதுவே கோட்டைப் பகுதி.

இசைக்காகப் பயணம்

ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவுக்குச் செல்வோர் பகலில் அரண்மனைகளையும் தேவாலயங்களையும் காண்பர். மாலையானதும் இசையரங்கிற்குச் செல்வர். அங்கு 1870இல் திறக்கப்பட்ட மூசிக்ஃபெரைன் என்னும் அரங்கம் உலகப்புகழ் பெற்றது. அதே நாட்டின் சால்ஸ்பர்க் நகரில், 1756இல் மோட்சார்ட் பிறந்த வீடு இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. ஊரைப் பார்ப்பதும் இசையைக் கேட்பதும் அந்நாட்டில் இருவேறு செயல்கள் அல்ல. ஊரின் தெருக்களில் நடந்தவருக்கு, அத்தெருக்களில் பிறந்த இசை கூடுதலாக விளங்கும் என்பது அவர்தம் நம்பிக்கை.

நம் நாட்டிலும் இவ்வழக்கம் புதிதன்று. மார்கழித் திங்களில் சென்னைக்கும், தியாகராசர் ஆராதனைக்குத் திருவையாற்றுக்கும் செல்வோர் பலர். ஆனால், பெங்களூரில் வாழும் குடும்பங்கள் விடுமுறை வந்ததும் தொடர்வண்டியில் இடம்பிடித்து வேற்றூர்களுக்குப் புறப்படுகின்றன. தாம் வாழும் நகரின் நடுவே உள்ள கோட்டையைப் பார்த்திராத பிள்ளைகள் மிகப் பலர். ஒரு நாள் ஒதுக்கினால் போதும்; மெட்ரோ பச்சை வழித்தடத்தில் கிருஷ்ணராஜேந்திரச் சந்தை நிலையத்தில் இறங்கினால் பயணம் தொடங்கிவிடும்.

பகல்

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பூக்களின் மணமும் வண்டிகளின் ஒலியும் ஒருசேர எதிர்கொள்ளும். கிருஷ்ணராஜேந்திரச் சந்தையைச் சுற்றிய இப்பகுதியில், 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் தெருவிளக்குகள் மின்சாரத்தால் எரிந்தன. அம்மின்சாரம் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து வந்தது. இந்நகரின் கதையில் காவிரி இவ்வாறு அடிக்கடி தலைகாட்டும்.

சந்தைக்கு அருகிலேயே கோட்டையின் எஞ்சிய பகுதி நிற்கிறது. கெம்பேகௌடர் 1537இல் எழுப்பியது மண்கோட்டை. 1761இல் ஐதர் அலி கல்லால் ஒரு கோட்டையைக் கட்டினார். முட்டை வடிவில் அமைந்த அக்கோட்டையில் இன்று காணக்கிடைப்பது மிகச் சிறு பகுதியே. ‘தில்லி வாயில்’ எனப்படும் நுழைவாயிலும் அதனை ஒட்டிய மதில்களும் மட்டும் நிற்கின்றன. மற்றவை சாலைகளுக்காகவும் கட்டடங்களுக்காகவும் இடிக்கப்பட்டன. வாயிலின் கற்களில் உள்ள பூவேலைப்பாடுகளை நின்று பார்த்தல் வேண்டும். போருக்காகக் கட்டிய சுவரில் சிற்பிக்கு மலர் செதுக்க மனம் வந்திருக்கிறது! 1791ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள் இரவில், காரன்வாலிஸ் தலைமையிலான ஆங்கிலப் படை மதிலை உடைத்து இக்கோட்டைக்குள் புகுந்தது.

அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் திப்பு சுல்தானின் கோடை அரண்மனை. ஐதர் அலி 1781இல் தொடங்கிய பணியைத் திப்பு 1791இல் நிறைவுசெய்தார். கோட்டை வீழ்ந்ததும் அதே ஆண்டு என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. பெரும்பாலும் தேக்கு மரத்தால் ஆன இரண்டு மாடிக் கட்டடம் இது. வரிசையாக நிற்கும் தூண்களும், அவற்றை இணைக்கும் வளைவுகளும், மேல்தளத்து மாடங்களும் கண்ணைக் கவர்வன. வெயில் காலத்தில் உள்ளே காலெடுத்து வைத்ததும் உடலில் குளிர்ச்சி தெரியும். திப்பு 1799இல் மறைந்த பின்னர் இவ்வரண்மனை ஆங்கிலேயரின் அலுவலகமாயிற்று. 1868இல் அவ்வலுவலகம் இங்கிருந்து எங்கே குடிபெயர்ந்தது தெரியுமா? அட்டாரா கச்சேரிக்குத்தான்.

அரண்மனையை ஒட்டியே கோட்டெ வேங்கடரமணர் கோவில் உள்ளது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் மைசூர் மன்னர் சிக்கதேவராயர் கட்டியது. ‘கோட்டெ’ என்பது நம் கோட்டையே. ‘பேட்டெ’ பேட்டை ஆகும். ‘ஹள்ளி’ நம் பள்ளியே. திருச்சிராப்பள்ளியில் வரும் அதே பள்ளி. தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ஹகரம் பெறும். பால் ஹாலு ஆகும். பூ ஹூவு ஆகும். இம்முறையை அறிந்தால் ‘ஹாடு’ என்பதன் பொருளை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது ‘பாடு’ என்னும் சொல்லே.

மாலை

இதே பகுதியில், சாமராஜப்பேட்டையில், 1907இல் கட்டப்பட்ட கோட்டை உயர்நிலைப்பள்ளி உள்ளது. இராமநவமியை ஒட்டி அப்பள்ளி மைதானத்தில் பெரிய பந்தல் எழும். எஸ்.வி. நாராயணசுவாமி ராவ் 1939இல் தோற்றுவித்த ஸ்ரீராம சேவா மண்டலி நடத்தும் இசைவிழா இது. ஒரு நாள், இரண்டு நாள் விழா அன்று. ஏறத்தாழ ஒரு மாதம் நாள்தோறும் நடைபெறும். எம்.எஸ். சுப்புலட்சுமி, செம்மங்குடி சீனிவாச ஐயர், பாலமுரளிகிருஷ்ணா முதலிய பெருங்கலைஞர் இங்குப் பாடியுள்ளனர்.

குளிரூட்டிய அரங்கைவிடப் பந்தலுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. பந்தலில் காற்று புகும்; சாலையின் ஓசையும் புகும். சித்திரை வெயில் தணிந்த மாலையில் திடீரெனக் கோடைமழை கொட்டினால், மிருதங்கத்தோடு கூரையும் தாளம் போடும். இசையின் நுட்பங்களைக் கேட்க இஃது இடையூறே என்பாரும் உளர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. எனினும், கதவில்லாத இடத்தில் பாடும் பாட்டு, வழிப்போக்கரையும் ஒரு நிமிடம் நிற்கவைக்கும் ஆற்றல் உடையது.

இராமநவமி நாளில் வழங்கும் பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் வெயிலுக்கு ஏற்ற உணவுகள். ஊறவைத்த பாசிப்பருப்புடன் வெள்ளரிக்காய், தேங்காய்த்துருவல், கொத்தமல்லி சேர்த்த கோசம்பரியைத் தமிழ்நாட்டில் வடைப்பருப்பு என்பர். சுவையில் வேறுபாடு இல்லை.

கேட்கும் முறை

“எனக்குச் சங்கீதம் தெரியாது; நான் வந்து என்ன செய்வேன்?” என்று தயங்கும் பிள்ளைகள் உண்டு. இத்தயக்கம் தேவையற்றது. பந்தலில் அமர்ந்திருப்போரின் கைகளைக் கவனித்தாலே பாதி விளங்கிவிடும்.

ஆதி தாளத்தை எடுத்துக்கொள்வோம். இதற்கு எட்டு எண்ணிக்கை. வலக்கையால் தொடையில் ஒரு தட்டு. பின்னர்க் கட்டைவிரலால் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் நடுவிரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுதல் வேண்டும். நான்கு முடிந்தது. அடுத்து ஒரு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மீண்டும் ஒரு தட்டு, ஒரு வீச்சு. எட்டும் நிறைந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கல் வேண்டும். பாடகர் எவ்வளவு விரைந்து பாடினும், எங்கெங்கோ சுற்றித் திரிந்து வரினும், இவ்வெட்டின் வேகம் மாறாது. ஸ்வரக்கோவைகளை அடுக்கிக்கொண்டே போகும் பாடகர், பாட்டு எடுக்கும் இடத்தில் மிகச் சரியாக வந்து சேர்வார். எண்ணிக்கொண்டிருந்த சிறுவனுக்கு அந்நொடியில் உடல் சிலிர்க்கும். எண்ணாதவனுக்கு அவ்வின்பம் கிட்டாது. ஆகவே எண்ணுவதற்கு வெட்கப்படலாகாது. முன்வரிசையில் அமர்ந்த முதியோரும் எண்ணிக்கொண்டுதான் இருப்பர்.

கச்சேரி பெரும்பாலும் வர்ணத்தில் தொடங்கும். தொடர்ந்து கீர்த்தனைகள். பின்னர், சொற்களே இல்லாமல் ஓர் இராகத்தை மட்டும் விரித்துப் பாடுவர். இதனை ஆலாபனை என்பர். மொழி தெரியவில்லை என்னும் கவலைக்கு ஆலாபனையில் இடமே இல்லை. பெரிய கீர்த்தனை முடிந்ததும் தாளக் கருவியாளர்க்கு உரிய தனி ஆவர்த்தனம் வரும். மிருதங்கம் பலாமரத்தால் ஆனது. கடம் சுட்ட மண்ணால் ஆனது. கடம் செய்வதில் தமிழ்நாட்டு மானாமதுரை பெயர்பெற்றது. பானை செய்யும் கைகளுக்கு இசைமேடையில் கிடைத்த இடம் அது. ஆயினும், தனி ஆவர்த்தனம் தொடங்கியவுடன் சிலர் எழுந்து சிற்றுண்டிச் சாலையை நோக்கி நடப்பர். ஒருவர் தம் திறமையைக் காட்டத் தொடங்கும் வேளையில் முதுகைக் காட்டுதல் பண்பாகாது. பசித்தால் முன்னரே உண்டுவிடலாம்.

ஐரோப்பிய இசையரங்குகளில் ஒரு படைப்பின் பகுதிகளுக்கு இடையே கைதட்டுவதில்லை. அமைதி காப்பதே மரியாதை. இங்கோ, நல்ல இடம் வந்ததும் தலையசைத்துப் ‘பலே’ என்பர். ஆனால் வியன்னாவின் புத்தாண்டு இசை நிகழ்ச்சியில் இறுதியாக இசைக்கும் அணிவகுப்புப் பாடலுக்கு அவையோர் அனைவரும் தாளம் தவறாது கைதட்டுவர். நம்மவர் அதனைக் கண்டால், அவர்களும் தாளம் போடுகிறார்கள் என்று மகிழ்வர்.

வந்த கருவி, நிலைத்த கருவி

பாடகரின் பக்கத்தில் அமர்ந்து இசைப்பவர் மடியில் இருக்கும் வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் இசையைக் கேட்ட காலத்தில் அக்கருவியைக் கற்று, நம் இசைக்குப் பயன்படுத்தினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதில் தேர்ந்தவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். ஐரோப்பியர் நின்றுகொண்டோ நாற்காலியில் அமர்ந்தோ, மோவாயின் கீழ் வைத்து வாசிப்பர். நம்மவர் தரையில் சம்மணமிட்டு, கருவியின் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிப்பர். இடக்கை எளிதில் வழுக்கிச் செல்ல இது வழிசெய்தது; நம் இசைக்கு உயிரான கமகம் அவ்வாறு வாய்த்தது.

மைசூரைச் சேர்ந்த தி. சௌடய்யா (1895–1967) இக்கருவியை மேலும் மாற்றினார். ஒலிபெருக்கி பரவாத காலத்தில் பெரிய அவையின் கடைசி வரிசைக்கு வயலின் கேட்கவில்லை. நான்கு தந்திகளை ஏழாக்கி அவர் ஒலியைப் பெருக்கினார். அவர் நினைவாகப் பெங்களூர் மல்லேசுவரத்தில் எழுந்த சௌடய்யா நினைவு மண்டபம் வயலின் வடிவிலேயே கட்டப்பட்டுள்ளது. 1980இல் திறக்கப்பட்ட அம்மண்டபத்தில் தந்தியும் முறுக்காணியும் வில்லும்கூடக் கட்டட உறுப்புகளாக அமைந்துள்ளன. வேற்று நாட்டில் பிறந்த கருவி இங்கே வீடளவு வளர்ந்து நிற்கிறது.

இது யாருடைய இசை?

“கர்நாடக சங்கீதம் எங்கள் மாநிலத்து இசை, உங்களுடையது அன்று” என்று வகுப்பில் ஒருவர் சொல்லக்கூடும். “மும்மூர்த்திகளும் பிறந்தது திருவாரூரில், ஆகவே எங்களுடையது” என்று மற்றொருவர் மறுக்கக்கூடும். இவ்வழக்கு எளிதில் தீராது. மைசூர் மாநிலத்திற்குக் கர்நாடகம் என்னும் பெயர் 1973 நவம்பர் 1 அன்றுதான் சூட்டப்பட்டது. இசையின் பெயர் அதனினும் பழையது. தொடக்க மாணவர் பயிலும் சரளி வரிசை முதலிய பாடங்களை வகுத்தவர் எனப் போற்றப்படுபவர் கன்னடப் புரந்தரதாசர். தியாகராசர் (1767–1847) காவிரிக்கரையில் வாழ்ந்து தெலுங்கில் பாடினார். முத்துசுவாமி தீட்சிதர் பெரிதும் வடமொழியில் பாடினார். சீர்காழி அருணாசலக் கவிராயர் (1711–1779) இராமன் கதை முழுவதையும் தமிழில் இராமநாடகக் கீர்த்தனையாகத் தந்தார். தமிழ்நாட்டு மேடையிலேயே தமிழ்ப்பாட்டு குறைந்துவிட்டது என்னும் மனக்குறை எழுந்து, 1940களில் தமிழிசை இயக்கம் வலுப்பெற்றது. அக்குறை நியாயமானதே. தன் மொழியில் ஒரு பாட்டும் கேட்காமல் கச்சேரி முடிந்தால், கேட்பவர் மனம் வாடும்.

மொழியின் பேரால் மனத்தாங்கல் எழுவதைப் பெங்களூர்த் தமிழர் அறியாதவர் அல்லர். அல்சூர் ஏரிக்கு அருகில் 1991இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, திறக்கப்படாமல் பதினெட்டு ஆண்டுகள் மூடிக்கிடந்தது. 2009 ஆகஸ்டு 9 அன்று அது திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை சென்னையில் திறக்கப்பட்டது. சிலை துணிக்குள் இருந்த அவ்வாண்டுகளிலும் சாமராஜப்பேட்டைப் பந்தலில் தமிழ்நாட்டுக் கலைஞர்கள் பாடினார்கள். கன்னடக் கலைஞர்கள் உடன் வாசித்தார்கள். கச்சேரியின் பிற்பகுதியில் புரந்தரதாசரின் பாட்டு வரும்போது பக்கத்து இருக்கைக் கன்னடத் தோழியின் முகம் மலரும். அடுத்து, பாபநாசம் சிவனின் தமிழ்ப்பாட்டு வரும்போது அவள் திரும்பி, “இதற்கு என்ன பொருள்?” என்று கேட்பாள். தமிழ் படித்த பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும்.

பெங்களூர் என்னும் பெயர்

திருவையாற்றில், காவிரிக்கரையில், தியாகராசர் சமாதிக் கோவில் உள்ளது. ஆண்டுதோறும் அங்கே இசைவாணர் பலர் ஒன்றாக அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவர். பேணுவாரின்றிக் கிடந்த அச்சமாதிக்குக் கோவில் எழுப்பியவர் ஒரு பெண்மணி. 1878இல் நஞ்சன்கூட்டில் பிறந்து, பாடிப் புகழ்பெற்று, சென்னையில் வாழ்ந்த அவர் தம் பொருளைச் செலவிட்டு 1925இல் அக்கோவிலுக்குக் குடமுழுக்குச் செய்வித்தார். அந்நாளில் அங்கே பெண்கள் பாடுவதற்கு இடமில்லை. அவர் விடவில்லை, பெண்களைத் திரட்டித் தனியே பாடச் செய்தார். பின்னரே ஆண்களும் பெண்களும் ஒரே ஆராதனையில் பாடும் நிலை வந்தது. 1952இல் மறைந்த அவருடைய நினைவிடமும் அங்கேயே உள்ளது. அவர் சிலை தியாகராசர் சமாதியை நோக்கி அமர்ந்திருக்கிறது. பெங்களூர் நாகரத்தினம்மாள் என்பது அவர் பெயர்.

அவர் பிறந்த நஞ்சன்கூடு கபினி ஆற்றின் கரையில் உள்ளது. அவ்வாறு திருமகூடல் நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. ‘திருமகூடல்’ என்பதில் உள்ள கூடல் தமிழர்க்கும் தெரிந்த சொல். ஏழு தந்தி வயலின் கண்ட சௌடய்யா அவ்வூர்க்காரர். அங்கிருந்து கீழிறங்கும் நீரின் ஒரு பகுதியை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து குழாய் வழியே மேலேற்றிப் பெங்களூர் குடிக்கிறது. மிகுதி நீர் மேட்டூரைக் கடந்து திருவையாற்றைச் சேர்கிறது.

பந்தலில் மங்களம் பாடி முடிக்கும்போது இரவு ஒன்பதரையைத் தாண்டியிருக்கும். தம்புராவை உறையில் இடுவார்கள். நாற்காலிகளை மடக்கும் ஓசை எழும். மெட்ரோ நிலையம் வரை நடக்கும் வழியில் தில்லி வாயிலின் மதில் இருளில் தெரியும். காலையில் எண்ணத் தெரியாதிருந்த விரல்கள் வண்டியின் கம்பியைப் பிடித்தபடியே எட்டு எண்ணிக்கொண்டிருக்கும்.